தொலிக்கு ஒரு பொட்டு

தூத்துக்குடியில் காற்று புளிக்கத் தொடங்கிப் பதினான்கு வருஷம் ஆகிறது. பேருந்தை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். ஊர்க்காரர்களுக்கோ அந்த வாடை இருப்பதே மறந்துபோயிற்று. இறால் ஓட்டைச் சுத்தம் செய்து, கடுங்காரத்தில் எட்டு மணி நேரம் வேகவைத்து, கழுவி, புளித்த காடியில் கரைத்து, கண்ணாடித் தகட்டில் ஊற்றிக் காயவைத்தால் வெங்காயச் சருகு மாதிரி ஒரு படலம் உரிந்து வரும். ஆலை அதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. ஊர் அதைத் தொலி என்றது. தொலி என்றே நிலைத்தும் விட்டது.

மாத்திரையும் ஊசியும் கிருமிகளிடம் ஒவ்வொன்றாகத் தோற்ற பிறகு, கத்தி பட்ட உடம்புக்குத் தொலி ஒன்றுதான் காவல். பிரசவத் தையலானாலும் சரி, ஆணி குத்திய காலானாலும் சரி, காயத்தின் மேல் தொலியை ஒட்டிப் பத்து நாள் விட்டுவிட வேண்டும். வீட்டு அட்டைக்கு வருஷத்தில் நான்கு தொலி அளவு. அதைத் தவறாகக் கையாண்டு உயிர் போனால், அந்த வீட்டுக்கு இரண்டு வருஷம் தொலி கிடையாது. ஓடு கிடைப்பது அருமையாகிவிட்டதால் போட்ட சட்டம் அது.

தொலி ஒட்டியும் செத்துப்போனவர்கள் ஏன் செத்தார்கள் என்று கண்டுபிடித்து எழுதுவது பால்வண்ணத்தின் வேலை. வயது ஐம்பத்திரண்டு. காரண விசாரணைப் பிரிவு என்று ஆலையின் பின்கட்டில் ஒரு பலகை தொங்கும். உள்ளே ஒரு மேசை, ஒரு சோதனைத் தட்டு, சுவர் நிறையக் கண்ணாடிச் சாடிகள், அவர். அவ்வளவுதான் பிரிவு. ஒவ்வொரு சாவுக்கும் ஒரு படிவம். படிவத்தில் ஏழு கட்டம்: எந்த இறாலின் ஓடு, காரத்தில் எவ்வளவு நேரம் வெந்தது, இழையின் நீளம், புளிப்பின் அளவு, வைத்திருந்த இடத்தின் சூடு, புண்ணில் ஊறிய உப்பு, வந்த கிருமி எது. இந்த ஏழில் ஒன்று பிசகினால்தான் தொலி தோற்கும். பிசகிய கட்டத்தில் சிவப்பு மையால் சுழித்துவிட்டு, எட்டாவது கட்டத்தில் ஒரு பெயர் எழுத வேண்டும். அந்தக் கட்டத்தின் தலைப்பு: பொறுப்பு.

மற்றவர்கள் சாய்வாகவும் அவசரமாகவும் எழுதுவதை அவர் தாள் கிழியாமல், கோட்டை விட்டு இறங்காமல் எழுதுவார். தன் மகளுக்கும் அப்படித்தான் எழுதினார்.

சங்கரிக்குப் பத்தொன்பது வயது. குடல்வாலை எடுத்துவிட்டுத் தொலி ஒட்டி மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். காய்ச்சலோடு திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனவள் ஒன்பதாம் நாள் அங்கேயே போய்விட்டாள். வேறு யாராவது எழுதட்டும் என்று மேலாளர் சொன்னபோது, "வேற யாருக்கும் முறை தெரியாது சார்" என்று சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்தார். சோதித்ததில் ஆறு கட்டம் சரியாக இருந்தது. மிச்சம் இருந்தது காரத்தில் வெந்த நேரம். அந்தத் தொகுதியை வேகவைத்த சவேரியின் குறிப்பேட்டில் அரை மணி நேரம் ஒன்றும் எழுதாமல் வெறுமையாகக் கிடந்தது. இரண்டாவது கட்டத்தைச் சுழித்தார். எட்டாவது கட்டத்தில் சவேரிமுத்து என்று எழுதினார். அந்த வாரமே சவேரியை ஆலை வெளியே அனுப்பிவிட்டது.

அது நடந்து பதினோரு மாதம். அதற்குப் பிறகு பால்வண்ணத்துக்கு எதுவும் பெரிதாக வலிக்கவில்லை. சோற்றில் உப்பு இல்லை என்பது அவர் மனைவி கோமதி தன் தட்டில் கை வைத்த பிறகுதான் அவருக்குத் தெரியும். மழை பெய்தால் நனைவார், நின்றால் காய்வார். கோமதி வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டாள்.

அன்று திங்கட்கிழமை. ஆலைக்கு எதிர்த்த டீக்கடையில் சவேரி நின்றான். இப்போது படகுத்துறையில் ஐஸ் உடைக்கிறான். கண்டால் விலகிப்போகிற ஆள் இல்லை அவன்.

"அண்ணாச்சி, சொகமா இருக்கியளா?"

"இருக்கேன்."

"இந்த வருஷம் சாவு நாப்பது ஆயிட்டாமே."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது. என்னைய வெளிய தள்ளிப் பதினோரு மாசம். இன்னமும் சாவுதாவ. இப்ப வேக வைக்கிறவன் யாரு? அவனுக்கும் வயித்தால போகுதா? அவனும் அரை மணி நேரம் கக்கூசுலதான் கெடக்கானா?"

டீ மாஸ்டர் சிரிப்பை அடக்க வடிகட்டியை இரண்டு முறை தட்டினார்.

"வேக்காடு பத்தலன்னா தொலி கலங்கிப்போயில்லா வரும்?" சவேரியின் குரல் இறங்கியது. "எந் தொலிக்கு அடியில பேப்பர வச்சுப் படிக்கலாம். நீங்களே சொல்லியிருக்கிய. பாப்பாவுக்கு ஒட்டுனது கலங்கியா இருந்துச்சு?"

கலங்கி இருக்கவில்லை. பால்வண்ணம் டீயைக் கீழே வைத்தார். "படிவம் முடிஞ்சாச்சு சவேரி."

"படிவம் முடிஞ்சிட்டு. நான் இன்னும் முடியலைலா அண்ணாச்சி."

அவர் சாலையைக் கடந்து உள்ளே போனார். மேசையில் நாற்பத்தோராவது படிவம் காத்திருந்தது. முள்ளக்காட்டுக்காரர், பெயர் முத்துக்கருப்பன், லேத் பட்டறையில் உள்ளங்கை கிழிந்தவர். எட்டாம் நாள் வீட்டிலேயே இறந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் இறந்தால் அங்கேயே தொலியை உரித்துச் சாடியில் போட்டு அனுப்புவார்கள். இது வீட்டுச் சாவு. தொலி வரவில்லை. நேரில் போய்க் கேட்டு வாங்க வேண்டும்.

முத்துக்கருப்பனின் மனைவி செண்பகவல்லிக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஒரு எவர்சில்வர் டிபன் டப்பாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"அவுக உடம்புல கடைசியா இருந்தது இதுதான் சார். குளிப்பாட்டும்போது நாந்தான் உரிச்சேன். தூரப்போட மனசு வரல."

பால்வண்ணம் திறந்தார். தொலி காய்ந்து சுருண்டிருந்தது. இடுக்கியால் விரித்தார். ஓரமெல்லாம் கண்ணாடி. நடுவில் மட்டும் பெருவிரல் அகலத்துக்கு வட்டமாக வெளுத்து, செங்காவிக் கறை ஏறியிருந்தது. பதினான்கு வருஷத்தில் இப்படி ஒரு வட்டத்தை அவர் எந்தத் தொலியிலும் பார்த்ததில்லை. பையிலிருந்து சோதனைக் காகிதத்தை எடுத்து நனைத்து ஓரத்தில் வைத்தார். சிவந்தது. வட்டத்தின் மேல் வைத்தார்.

நீலம்.

"நீலமானா என்ன சார்?"

"புளிப்பு போயிட்டுன்னு அர்த்தம்."

"புளிப்பு போனா?"

யாருக்கும் விளக்குகிற வழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் அவள் தரையில் உட்கார்ந்து கேட்டாள். "தொலி புளிச்சிருக்க வரைக்கும்தாம்மா அதுக்கு உசிரு. புளிப்புல இருக்கும்போது அதுக்கு ஒரு மின்சார ஏத்தம் வரும். கிருமியோட மேல்தோலுல அதுக்கு எதிரான ஏத்தம். காந்தம் மாதிரி இழுத்து, ஒட்டி, தோலக் கிழிச்சுப்போடும். புளிப்பு செத்துட்டா வெறுங் காயிதம். கிருமி அது மேலயே குடும்பம் நடத்தும்." சொல்லிவிட்டு வட்டத்தைக் காட்டினார். "இதுல என்ன பட்டுச்சு?"

"பொட்டு சார்."

"என்ன பொட்டு?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும் ஆலாத்தி எடுத்தோம்லா? மஞ்சளும் சுண்ணாம்பும் கரைச்சு. நெத்தியில ஒண்ணு வச்சிட்டு, தொலியில ஒண்ணு வச்சேன். புதுத் தொலி, கண்ணு பட்டுரும்னு எல்லாரும் வைக்கிறதுதானே. நல்லா அழுத்தி வச்சேன் சார்." அவள் தன் பெருவிரலைப் பார்த்தாள். "அப்ப நாந்தானா?"

பால்வண்ணம் டப்பாவை மூடினார். "சோதிக்கணும்மா. இன்னும் எத்தனையோ சோதிக்கணும்."

"நாந்தானான்னு மட்டும் சொல்லுங்க சார்."

"சோதிச்சாத்தான் தெரியும்," என்று சொல்லி எழுந்துவிட்டார்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. டப்பா மடியில் இருந்தது. உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாகப் பின்னால் போயின. சங்கரி ஆட்டோவிலிருந்து இறங்கி, வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு வாசலில் நின்றது நினைவுக்கு வந்தது. கோமதி தட்டுடன் வந்தாள். தட்டில் தண்ணீர் வெளுத்துத் தெரிந்தது. அவர்தான் எட்டிப் பார்த்து, "செவக்கல பாரு. இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு போடு" என்றார். எதையும் முறையாகச் செய்துதான் அவருக்குப் பழக்கம். கோமதி உள்ளே போய் இன்னொரு சிட்டிகை போட்டுக் கலக்கிக்கொண்டு வந்தாள். தண்ணீர் ரத்தமாய்ச் சிவந்தது. நெற்றியில் ஒரு பொட்டு. தாவணியை விலக்கித் தொலியில் ஒரு பொட்டு. "யம்மா, கூசுது," என்று சங்கரி நெளிந்து சிரித்தாள்.

இதை நினைத்தபோது நெஞ்சு அடைக்கும் என்று எதிர்பார்த்தார். அடைக்கவில்லை. நடத்துநர் சீட்டுக்குக் கை நீட்டினார். சில்லறை எடுத்துக் கொடுத்தார்.

அறைக்கு வந்து சுவரோரச் சாடிகளைப் பார்த்தார். அந்த வருஷத்துத் தொலிகள் நாற்பது. அதற்கு முந்திய வரிசையில் சங்கரியுடையது. எல்லாமே தெளிவாக, கறையில்லாமல், புளிப்பாக மிதந்தன. ஏன் மிதக்காது? வழிமுறை எண் நான்கு: உரித்த தொலியை ரத்தம் போகக் காடித் தண்ணீரில் கழுவி, அதிலேயே ஊறவைத்து அனுப்ப வேண்டும். எழுதியது அவர்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால், ஆஸ்பத்திரிகள் தொலியை அழுக்காக அனுப்புகின்றன என்று கோபப்பட்டு, அழகான கையெழுத்தில். ஒரு பொட்டுச் சுண்ணாம்பைக் கரைக்க அந்தக் காடி தாராளம். செத்த தொலிக்கு உயிர் ஊட்டிவிட்டு, பிறகு உயிர் இருக்கிறதா என்று பார்த்திருக்கிறார். புளிப்பு எழுதும் நாலாவது கட்டம் ஒருதடவைகூடப் பிசகியதில்லை. மற்ற கட்டங்களில் எதையாவது பிடித்துச் சுழித்திருக்கிறார்.

நாற்பத்தோராவது படிவத்தை எடுத்தார். பேனா மூடியைக் கழற்றினார். எழுதவில்லை.

செண்பகவல்லியின் பெயரை எழுதினால் அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு வருஷம் தொலி கிடையாது; அதனால்தான் யோசிக்கிறேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். செவ்வாயும் அதையே சொன்னார். புதனும் சொன்னார். அது பொய் இல்லை. ஆனால் வீட்டுக்குப் போகும்போது அந்தக் காரணம் அவரோடு வராது. படிவம் வெளியே போனால் சுற்றறிக்கை வரும், சுற்றறிக்கை வந்தால் ஊர் முழுக்கப் படிக்கும், கோமதியும் படிப்பாள். படித்துவிட்டுத் தன் பெருவிரலைப் பார்ப்பாள். அந்த மூன்று நாளில் எத்தனை வாசலில் ஆரத்தி சுற்றினார்கள் என்று அவர் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ண வேண்டும் என்று தோன்றியது. தோன்றியதோடு சரி.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தார். காலை பத்து மணி இருக்கும். எதிர்வீட்டுப் பிரமு வந்து கொல்லைப்பக்கம் பேசுவது கேட்டது.

"ஏளா கோமதி, மருமக வாரா. வயித்தக் கிழிச்சு எடுத்த பிள்ளை. ஆட்டோ முக்குல திரும்பியாச்சாம். நீ வந்து ஆலாத்தி எடு."

"நான் வேண்டாம் மதினி. என்னையப் போயி..."

"உன்னைய விட யாரு எடுக்க? எம் மகன் கல்யாணத்துக்கும் நீதான எடுத்த? வருசம் ஆகப்போகுது, இன்னும் எத்தன நாளைக்கு அடுப்படியிலயே கெடந்து கருகப்போற? நல்ல சேலையா உடுத்திட்டு வா. அழுக்குச் சேலையோட வந்தா எம் மருமக பயந்துருவா."

கோமதி சிரித்தாள். சின்னச் சத்தம்தான், இருமல் என்றுகூட நினைக்கலாம். பதினோரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

பீரோ திறக்கும் சத்தம். கொஞ்ச நேரத்தில் மாம்பழ நிறச் சேலையில் அவள் அறை வாசலில் நின்றாள். "என்னங்க, எதிர்த்த வீடு வரைக்கும் போயிட்டு வாரேன்."

அவர் தலையாட்டினார். அவள் போய்விட்டாள்.

ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆட்டோ வந்து நின்றது. பிரமுவின் மருமகள் ஹரிணி குனிந்தபடி இறங்கினாள். குழந்தையை யாரோ வாங்கிக்கொண்டார்கள். ஏழெட்டுப் பெண்கள் வாசலை அடைத்து நின்றார்கள். கோமதி தட்டோடு வந்தாள். அந்தச் சிவப்பு சாலைக்கு இந்தப் பக்கம் வரை தெரிந்தது.

கூப்பிடலாம். கூப்பிட்டால் என்ன சொல்வது? ஒரே வாக்கியம்தான். அந்த வாக்கியத்தைச் சொன்னால் அவள் மறுபடியும் அடுப்படிக்குப் போய்விடுவாள். இந்தத் தடவை வரவே மாட்டாள்.

கோமதி மூன்று சுற்றுச் சுற்றினாள்.

பால்வண்ணம் எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. அடுக்களையில் நேற்று வெட்டிய எலுமிச்சம்பழம் பாதி கவிழ்த்து வைத்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு செருப்பில்லாமல் சாலையைக் கடந்தார்.

"அண்ணாச்சி, பொம்பளைக நிக்கிற எடத்துல என்ன?" என்றாள் பிரமு. ஒருத்தி அவசரமாக ஹரிணியின் சேலையை இழுத்து மூடினாள். கோமதியின் பெருவிரல் தட்டில் நனைந்திருந்தது.

அவர் எலுமிச்சையைத் தட்டில் பிழிந்தார். கடைசிச் சொட்டு வரை பிழிந்தார். சிவப்பு, சாறு விழுந்த இடத்திலிருந்து விலகி, ஓடி, தட்டு முழுக்க மஞ்சளாகிவிட்டது.

யாரோ ஒருத்தி, "என்னக்கா இது, ஆலம் வெளுத்துப் போச்சு," என்று முணுமுணுத்தாள்.

"தொலியில சுண்ணாம்பு படக்கூடாது," என்றார் பால்வண்ணம். குரல் படிவம் வாசிப்பதுபோல் இருந்தது. "பட்டா அந்த எடத்துல தொலி செத்துரும். கிருமி உள்ள போயிரும். இனிமே யாரும் வைக்காதீங்க."

கோமதி தட்டைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். தட்டு அசையவில்லை; ஒரு துளிகூடச் சிந்தவில்லை. மஞ்சள் தண்ணீரில் விரலைத் தொட்டு ஹரிணியின் நெற்றியில் ஒரு பொட்டு வைத்தாள். "வலதுகால எடுத்து வச்சு உள்ள போம்மா," என்றாள். தண்ணீரைச் சாலையோரம் ஊற்றிவிட்டு, தட்டைப் பிரமுவிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தாள்.

அவர் பின்னாலேயே வந்தார். கோமதி அடுக்களைக்குள் போனாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அவள் கைகளை வெகுநேரம் கழுவினாள். அவர் கூடத்து மேசையில் உட்கார்ந்து பையைத் திறந்து படிவங்களை எடுத்தார். நாற்பத்தோராவது. அதற்கடியில், மூன்று நாளாகக் கூடவே சுமந்துகொண்டிருந்த சங்கரியின் படிவ நகல்.

தண்ணீர் நின்றது. கோமதி வந்து எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அன்னிக்கி செவக்கலன்னு சொன்னீங்க," என்றாள்.

"ம்."

"நான் போயி இன்னொரு சிட்டிகை போட்டேன்."

"ம்."

வெளியே எதிர்வீட்டில் குழந்தை அழுதது. உடனே யாரோ சமாதானப்படுத்தினார்கள். இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் அழுவாள் என்று அவர் காத்திருந்தார். அவள் மேசைமேல் கிடந்த தாளைத் தன் பக்கம் திருப்பி, கடைசிக் கட்டத்தைப் படித்தாள்.

"இந்தச் சவேரி வீடு எங்க இருக்கு?"

"திரேஸ்புரம்."

"அந்தப் பிள்ளை ஒண்ணும் செய்யல, இல்லியா?"

"ஒண்ணும் செய்யல."

"இன்னிக்கே போவோம். நானும் வாரேன்."

அவர் பேனாவைத் திறந்தார். முத்துக்கருப்பனின் படிவத்தில் நாலாவது கட்டத்தைச் சுழித்து, பக்கத்தில் 'சுண்ணாம்பை இத்தனை நாள் மறைத்தது வழிமுறை எண் நான்கு' என்று எழுதி, பொறுப்பில் தன் பெயரை எழுதினார். ஆலையின் பொறுப்பு என்றால் அந்த வீட்டுக்குத் தொலி நிற்காது. தன் வேலை நிற்கும். நிற்கட்டும். பிறகு சங்கரியின் படிவத்தில் சவேரிமுத்து என்ற பெயரின் மேல் அளவுகோல் வைத்து ஒரு கோடு போட்டார். அதற்கு மேலே பால்வண்ணம் என்று எழுதினார். அந்தக் கட்டத்தில் இதுவரை எழுதிய எழுத்துகளில் இதுதான் கோணல்.

கோமதி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"என் பேரையும் போடுங்க."

"வேண்டாம். உன் பேரு வந்தா வீட்டார் தப்புன்னு ஆயிரும். நமக்கு ரெண்டு வருஷம் தொலி கிடைக்காது."

"இனிமே நமக்கு எதுக்கு?"

"கட்டத்துல இடம் இல்ல கோமதி. ஒரு பேருக்குத்தான் இடம்."

அவள் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்று, தாளைக் குனிந்து பார்த்தாள். கழுவிய கைகளில் இன்னும் எலுமிச்சை வாடை இருந்தது. கோட்டுக்கும் ஓரத்துக்கும் நடுவே ஒரு நூலிழை அகலத்துக்கு வெள்ளை மிச்சமிருந்ததை விரல் நுனியால் தொட்டுக் காட்டினாள்.

"பொடிசா எழுதுங்க," என்றாள்.